தாம்சன் என்றால் எந்தத் தாம்சன்?

கேள்வி இதுதான்: இயற்பியல் பாடத்தில் ஜூல்–தாம்சன் விளைவு, தாம்சன் விளைவு, தாம்சன் சிதறல், தாம்சன் அணு மாதிரி என்று அடுத்தடுத்து வருகின்றன. இவ்வளவையும் செய்தவர் ஒரே ஆளா? இல்லையென்றால் அப்பா, மகன், பேரன் என்று ஒரே குடும்பமா?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் குறிப்பிட்ட நான்கில் முதல் இரண்டும் வில்லியம் தாம்சனுடையவை. பின் இரண்டும் ஜே.ஜே. தாம்சனுடையவை. முதலாமவரைத்தான் உலகம் கெல்வின் பிரபு என்று அறியும். இருவருக்கும் இடையே இரத்த உறவு எதுவும் இல்லை. ஆனால் இரண்டு பேருக்கும் தனித்தனியாக அறிவியல் குடும்பங்கள் இருந்தன, அந்தக் குடும்பங்களிலும் தாம்சன்கள் இருந்தார்கள் என்பதால்தான் குழப்பம் இவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது.

தாமஸ் என்பவரின் மகன் என்பதுதான் இந்தப் பெயர். தாமஸ் என்ற பெயர் மலிந்த நாட்டில் தாமசின் மகன்களும் ஊருக்கு ஊர் இருப்பார்கள். குடும்பப் பெயர்கள் நிலைபெற்ற காலத்தில் ஸ்காட்லாந்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள், ஒன்றையொன்று அறியாமலே, இதே பெயருக்கு வந்து சேர்ந்தன. ஆகவே இரண்டு தாம்சன்களைப் பார்த்தால் உறவு இல்லை என்று தொடங்குவதே உத்தமம். உறவு உண்டென்றால் அதற்குத்தான் சான்று கேட்க வேண்டும். பெர்னூலி போன்ற அபூர்வமான பெயர் என்றால் கணக்கு தலைகீழ். பாசல் நகரத்துக் கணித அறிஞர் இருவர் அந்தப் பெயரைத் தாங்கினால், அவர்கள் அண்ணன் தம்பியாகவோ சிற்றப்பன் மகனாகவோ இருப்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

வில்லியமிலிருந்து தொடங்குவோம். 1824இல் பெல்பாஸ்ட் நகரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் தாம்சன் கணித ஆசிரியர். 1832இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் பதவி கிடைத்ததும் குடும்பத்தை அங்கே அழைத்துச் சென்றார். வில்லியம் பத்து வயதிலேயே அந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவராகப் பதிவு செய்துகொண்டார். கேம்பிரிட்ஜில் படித்து முடித்து, 22 வயதில் கிளாஸ்கோவுக்கே இயற்பியல் பேராசிரியராகத் திரும்பியவர், 1899 வரை அந்த நாற்காலியை விடவில்லை. இன்று கெல்வின் அலகில் அளக்கிறோமே, அந்தத் தனி வெப்பநிலை அளவுகோலை அவர் முன்வைத்தது 1848இல். ஒரு வாயுவை நுண்துளைகள் வழியே விரிவடையச் செய்தால் அதன் வெப்பநிலை மாறும் என்பதை ஜூலுடன் சேர்ந்து 1850களில் ஆராய்ந்தார். அதுதான் ஜூல்–தாம்சன் விளைவு. 1895இல் ஜெர்மனியில் கார்ல் லிண்டே காற்றைப் பெருமளவில் திரவமாக்கியபோது நம்பியது இதைத்தான். மின்னோட்டம் பாயும் கடத்தியின் இரு முனைகளும் வேறு வேறு வெப்பநிலையில் இருந்தால் வழியில் வெப்பம் வெளியாகும் அல்லது உறிஞ்சப்படும் என்பது தாம்சன் விளைவு. இதையும் அதே பத்தாண்டில் கோட்பாட்டிலிருந்து முன்கூட்டியே சொல்லி, பிறகு சோதனையில் காட்டினார்.

ஆனால் அவருடைய காலத்து மக்களுக்கு அவர் கடலடித் தந்தியின் நாயகர். 1858இல் அட்லாண்டிக் கடலடியில் போடப்பட்ட தந்தி வடம் சில வாரங்களிலேயே செத்துப்போனது. மிக மெல்லிய மின்குறிப்பையும் உணரும் கண்ணாடி கால்வனாமீட்டரை வில்லியம் உருவாக்கியிருந்தும், வடத்தைப் பொறுப்பேற்றிருந்தவர் அதிக மின்னழுத்தத்தைச் செலுத்தியதுதான் அதன் கதையை முடித்தது. 1866இல் போட்ட வடம் நிலைத்தது. அவருக்கு சர் பட்டமும் கிடைத்தது. 1892இல் பிரபுவாக உயர்த்தப்பட்டபோது, பல்கலைக்கழகத்தை ஒட்டி ஓடும் கெல்வின் என்ற சிற்றாற்றின் பெயரை ஏற்றுக்கொண்டார். இரண்டு முறை மணம் புரிந்தும் குழந்தைகள் இல்லை. 1907இல் அவர் இறந்ததோடு அந்தப் பிரபு பட்டமும் முடிந்தது.

இந்த வீட்டில் மூத்தவர் இன்னொருவர் உண்டு, அவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். வில்லியமின் அண்ணன் பெயரும், தந்தையின் பெயரைப் போலவே, ஜேம்ஸ் தாம்சன். 1822இல் பிறந்த பொறியாளர். 1850இல் ஒருவகை நீர்ச்சுழலிக்குக் காப்புரிமை பெற்றார். பெல்பாஸ்டிலும் பிறகு கிளாஸ்கோவிலும் பொறியியல் பேராசிரியராக இருந்தார். கோணத்தை அளக்க ரேடியன் என்று எழுதுகிறோமே, அந்தச் சொல் முதலில் அச்சேறியது 1873இல், பெல்பாஸ்டில் இவர் தயாரித்த ஒரு தேர்வு வினாத்தாளில். பனிக்கட்டியும் நீரும் ஆவியும் ஒருசேர நிலைபெறும் நிலையை மும்மைப் புள்ளி என்று அழைத்தவரும் இவரே. சுழற்றும் விசைக்கு ஆங்கிலத்தில் டார்க் என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டதும் இவர்தான்.

மும்மைப் புள்ளியில் ஒரு சுவையான முடிச்சு இருக்கிறது. 1954 முதல் 2019 வரை கெல்வின் என்ற அலகு வரையறுக்கப்பட்டதே நீரின் மும்மைப் புள்ளியைக் கொண்டுதான். அந்தப் புள்ளி 273.16 கெல்வின் என்று வைத்துக்கொண்டார்கள். அலகுக்குத் தம்பியின் பட்டப்பெயர். அதை நிறுத்திவைத்த புள்ளிக்கு அண்ணன் சூட்டிய பெயர். அறுபத்தைந்து ஆண்டுகள் உலகத்தின் வெப்பமானிகள் எல்லாம் இந்த இரண்டு சகோதரர்கள் மீதுதான் நின்றன.

அண்ணன் சொல்ல, தம்பி சோதித்துப் பார்ப்பது இவர்களிடையே வழக்கம். அழுத்தத்தைக் கூட்டினால் பனிக்கட்டியின் உருகுநிலை குறைய வேண்டும் என்று 1849இல் ஜேம்ஸ் கணக்கிட்டுக் காட்டினார். அடுத்த ஆண்டே வில்லியம் அதை ஆய்வுக்கூடத்தில் அளந்து உறுதிசெய்தார். ஜேம்ஸ் வடிவமைத்த, தொகையிடல் என்ற கணிதச் செயலைச் செய்யும் பொறியை வில்லியம் எடுத்துக்கொண்டு கடல் ஏற்றவற்றங்களைப் பகுத்தாயும் கருவியில் பொருத்தினார். இந்தக் குடும்பத்தில் இன்னொரு இயற்பியலாளரும் உண்டு. ஜேம்ஸ் தாம்சன் பாட்டம்லி என்பவர், சகோதரி வழி மருமகன். தாம்சன் அவருக்கு நடுப்பெயர் மட்டும். குடும்பப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு உறவு தேடுபவர்கள் இவரைத் தவறவிட்டுவிட்டு, உறவே இல்லாத ஜே.ஜே.யைக் குடும்பத்தில் சேர்த்துவிடுவார்கள்.

கிளாஸ்கோவை விட்டு நகர்வதற்கு முன் ஒரு வேடிக்கை. 1848ஆம் ஆண்டில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். கணிதத்துக்கு ஜேம்ஸ் தாம்சன். இயற்பியலுக்கு அவருடைய மகன் வில்லியம் தாம்சன். வேதியியலுக்குத் தாமஸ் தாம்சன். மருத்துவத்துக்கு இன்னொரு வில்லியம் தாம்சன். உடற்கூறியலுக்கு ஆலன் தாம்சன். ஆக ஐந்து பேராசிரியர்கள், மூன்று குடும்பங்கள். மருத்துவ வில்லியமும் ஆலனும் ஜான் தாம்சன் என்ற எடின்பரோ மருத்துவரின் பிள்ளைகள். வேதியியல் தாமசோ தனி ஆள். தபால்காரரின் பாட்டை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

அந்தத் தாமஸ் தாம்சன் லேசுப்பட்டவர் அல்லர். டால்டனின் அணுக் கொள்கையை, டால்டனே தம் நூலை வெளியிடுமுன், 1807இல் தம்முடைய வேதியியல் நூலின் மூன்றாம் பதிப்பில் விளக்கிவிட்டார். சிலிக்கான் என்ற தனிமத்துக்கு அந்தப் பெயரை வைத்தவரும் இவரே. இவருடைய மகன் பெயரும் தாமஸ் தாம்சன், அவர் தாவரவியலாளர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக வந்து, 1842இல் ஆப்கன் போரில் கஜினியில் சிறைப்பட்டு மீண்டவர். மேற்கு இமயத்தையும் திபெத்தின் விளிம்பையும் சுற்றித் தாவரங்களைச் சேகரித்தார். தாவரவியல் மேதை ஜோசப் டால்டன் ஹூக்கரின் நெருங்கிய நண்பர். 1850களில் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்தார். இமயத் தாவரம் ஒன்றின் அறிவியல் பெயரில் தாம்சன் தென்பட்டால் முதலில் இவரைத்தான் நினைக்க வேண்டும்.

இனி ஜே.ஜே. முழுப்பெயர் ஜோசப் ஜான் தாம்சன். 1856 டிசம்பரில் மான்செஸ்டர் நகரின் புறத்தே, ஒரு புத்தக வியாபாரியின் மகனாகப் பிறந்தார். பொறியாளராக்க வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். தொழில் பழகும் இடத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்ததால், இடைக்கால ஏற்பாடாகப் பதினான்கு வயதில் ஓவன்ஸ் கல்லூரியில் சேர்த்தார்கள். தந்தை 1873இல் இறந்துவிட, பொறியியல் பயிற்சிக்குக் கட்ட வேண்டிய பணம் குடும்பத்துக்குச் சுமையானது. உதவித்தொகை கொடுத்த கேம்பிரிட்ஜ் அவரை இழுத்துக்கொண்டது. அங்கே கணிதத் தேர்வில் 1880இல் இரண்டாமிடம். வில்லியம் தாம்சனும் 1845இல் அதே தேர்வில் இரண்டாமிடம்தான் வந்தார். இப்படிப்பட்ட ஒற்றுமைகள்தான் ஆளை மயக்கிவிடும்.

இன்னும் சில மயக்கங்களைச் சொல்கிறேன். இருவருமே இலண்டன் ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்தவர்கள், வில்லியம் 1890 முதல் 1895 வரை, ஜே.ஜே. 1915 முதல் 1920 வரை. இருவருமே வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில், நியூட்டனுக்கு அருகே அடக்கமானவர்கள். ஜூல்–தாம்சன் விளைவின் ஜூல் மான்செஸ்டர் பகுதிக்காரர். சிறுவன் ஜே.ஜே.யை அவருடைய தந்தை ஒருமுறை ஜூலுக்கு அறிமுகம் செய்துவைத்ததுண்டு. ஆக ஜூலைச் சிறுவயதில் சந்தித்த தாம்சன் ஒருவர், ஜூலோடு பெயர் சேர்ந்த தாம்சன் வேறொருவர்.

எல்லாவற்றிலும் பெரிய சந்திப்பு கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் பேராசிரியர் பதவியில் நடந்தது. 1871இல் அந்தப் பதவி உருவானபோது முதலில் அணுகப்பட்டவர் வில்லியம் தாம்சன். கிளாஸ்கோவை விட்டு வர அவருக்கு மனமில்லை. மேக்ஸ்வெல் வந்தார். மேக்ஸ்வெல் மறைந்ததும் 1879இல் மறுபடி கேட்டார்கள், மறுபடி மறுத்தார், ராலே வந்தார். 1884இல் ராலே விலகியபோதும் அதே கதை. அந்த முறை நாற்காலியில் அமர்ந்தவர் 28 வயது ஜே.ஜே. தாம்சன். சோதனைக் கருவிகளைத் தொட்டாலே உடைத்துவிடுவார் என்று பேர் வாங்கிய கணித இளைஞரைச் சோதனை இயற்பியலின் தலைமை இருக்கைக்குத் தேர்ந்தெடுத்ததில் பலருக்கு வியப்பு. அவருடைய கண்ணாடிக் குழாய்களைச் செய்து கொடுத்தது எபனேசர் எவரெட் என்ற உதவியாளர். ஜே.ஜே.யின் புகழில் ஒரு பங்கு அவருக்குச் சேர வேண்டும் என்பது என் எண்ணம்.

1897 ஏப்ரல் 30 வெள்ளிக்கிழமை மாலை, இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் சொற்பொழிவில், காற்று நீக்கிய குழாயில் எதிர்மின்வாயிலிருந்து பாயும் கேதோடு கதிர்கள் அணுவைவிடச் சிறிய துகள்களால் ஆனவை என்று ஜே.ஜே. அறிவித்தார். எலக்ட்ரான் என்ற பெயரை அவர் அப்போது பயன்படுத்தவில்லை, நுண்துகள் என்ற பொருளில் கார்ப்பசல் என்றே அழைத்துவந்தார். அந்தத் துகள்கள் நேர்மின்னூட்டம் கொண்ட ஒரு கோளத்துக்குள், புட்டிங்கில் உலர்பழங்கள் பதிந்திருப்பதுபோல், பதிந்திருக்கின்றன என்ற அவருடைய மாதிரி 1904இல் வந்தது. கட்டற்ற எலக்ட்ரான் மீது ஒளி படும்போது, ஆற்றல் மாறாமல் சிதறுவதை அவர் விளக்கியதே தாம்சன் சிதறல். முழுச் சூரிய கிரகணத்தின்போது சூரியனைச் சுற்றித் தெரியும் முத்துநிற ஒளிவட்டத்தின் பெரும்பகுதி இந்தச் சிதறலால் நம் கண்ணுக்கு வருவதுதான்.

அணு மாதிரி விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. பாடநூல்கள் அதை முழுக்க ஜே.ஜே. கணக்கில் எழுதிவிடுகின்றன. ஆனால் நேர்மின் கோளத்துக்குள் எதிர்மின் துகள்கள் என்ற கருத்தை 1902இலேயே கெல்வின் ஒரு கட்டுரையில் முன்வைத்திருந்தார். துகள்கள் எப்படி அடுக்கடுக்காக நிலைபெறும் என்று விரிவாகக் கணக்கிட்டது ஜே.ஜே. என்பதால் அவர் பெயர் நிற்பது நியாயமே. இன்னும் பின்னால் போனால், 1867இல் வில்லியம் தாம்சன், அணுக்கள் என்பவை, வெளியெங்கும் நிறைந்திருப்பதாக அன்று நம்பப்பட்ட ஈதர் என்ற ஊடகத்தில் உருவான சுழல் வளையங்கள் என்றொரு கொள்கையைச் சொன்னார். அந்தச் சுழல் வளையங்களின் இயக்கத்தை ஆராய்ந்து எழுதித்தான் இளம் ஜே.ஜே. 1882இல் கேம்பிரிட்ஜின் ஆடம்ஸ் பரிசை வென்றார். ஒரு தாம்சனின் தவறான அணுவில் கணக்குப் பழகித்தான் மற்றொரு தாம்சன் தம் அணுவுக்கு வந்து சேர்ந்தார். அதுவும் தவறானதே. 1911இல் ரதர்போர்டு அணுக்கருவைக் காட்டி அதை ஓரங்கட்டினார்.

அதே ரதர்போர்டு, ஜே.ஜே.யின் மாணவர், பெரியவர் கெல்வினுக்கும் ஒரு சங்கடம் வைத்திருந்தார். குளிர்ந்துவரும் கோளம் என்று பூமியைக் கருதி, அதன் வயதைச் சில கோடி ஆண்டுகளுக்குள் கெல்வின் அடக்கியிருந்தார். 1904இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ரதர்போர்டு கதிரியக்கத்தைப் பற்றிப் பேசியபோது, எண்பது வயதை நெருங்கிய கெல்வின் அவையில் அமர்ந்திருந்தார். கெல்வினின் கணக்கில் சேராத வெப்ப ஊற்று பூமிக்குள் இருக்கிறது என்பதை அவர் முன்னாலேயே சொல்ல வேண்டியிருந்தது. உண்மையில் கெல்வினின் கணக்கை இதற்கும் முன்பே, 1895இல், அவருடைய முன்னாள் உதவியாளர் ஜான் பெர்ரி வேறொரு கோணத்தில் அசைத்திருந்தார். பூமியின் உட்பகுதி வெப்பத்தை எளிதாகக் கடத்தக்கூடும் என்பது அவருடைய வாதம். இன்றைய பார்வையில் பெர்ரியின் எதிர்வாதமே வலுவானது. ஆனால் பெயர் வாங்கியது ரதர்போர்டின் கதைதான்.

ஜே.ஜே.யின் மகன் ஜார்ஜ் பேஜட் தாம்சன். நடுவில் உள்ள பேஜட் தாயின் குடும்பப் பெயர். தாய் ரோஸ் பேஜட்டும் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ஆய்வு செய்தவர். ஜார்ஜ் அபர்தீனில் பேராசிரியராக இருந்தபோது, 1927இல், மெல்லிய தகடுகளின் வழியே எலக்ட்ரான்களைச் செலுத்தி அலைகளுக்கே உரிய விளிம்பு விளைவு வளையங்களைப் படம்பிடித்தார். 1937இல் டேவிசனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தந்தை அப்போது உயிரோடு இருந்தார். எலக்ட்ரான் ஒரு துகள் என்று காட்டியதற்காகத் தந்தைக்கும், அது ஓர் அலை என்று காட்டியதற்காக மகனுக்கும் நோபல் என்று மேடைதோறும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1906இல் தந்தைக்குக் கொடுத்த பரிசின் குறிப்பில் இருப்பது வாயுக்களின் வழியே மின்சாரம் பாய்வதைப் பற்றிய ஆராய்ச்சி. ஜார்ஜின் மகன் ஜான் தாம்சன் இயற்பியல் பக்கம் வராமல் தூதரகப் பணிக்குப் போனார். 1977 முதல் 1982 வரை இந்தியாவுக்கான பிரிட்டிஷ் தூதராக டெல்லியில் இருந்தவர் அவர்தான்.

கேள்வியில் இல்லாத, ஆனால் கட்டாயம் குழப்பக்கூடிய மூன்றாவது ஆள் எலிஹூ தாம்சன். இவரும் மான்செஸ்டரில்தான் பிறந்தார், 1853இல். 1858இல் குடும்பம் பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தது. அதாவது ஓரிரு ஆண்டுகள் எலிஹூவும் கைக்குழந்தை ஜே.ஜே.யும் ஒரே நகரத்தின் காற்றைச் சுவாசித்தார்கள், உறவு எதுவும் இல்லாமல். பள்ளி ஆசிரியராக இருந்தபோது எட்வின் ஹூஸ்டன் என்ற சக ஆசிரியரோடு மின்விளக்கு, டைனமோ வேலைகளில் இறங்கினார். தாம்சன்–ஹூஸ்டன் நிறுவனம் 1892இல் எடிசனின் நிறுவனத்தோடு இணைந்ததுதான் ஜெனரல் எலக்ட்ரிக். மின்தடையால் உலோகத்தைப் பற்றவைக்கும் முறை அவருடைய கண்டுபிடிப்பு. ஏறத்தாழ 700 காப்புரிமைகள் அவர் பெயரில் இருந்தன. 1920களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யின் தற்காலிகத் தலைவராகவும் இருந்தார். கெல்வின் பெயரில் நிறுவப்பட்ட பதக்கம் ஒன்று அவருக்கு வழங்கப்பட்டது. நயாகரா மின்திட்டத்தில் மாறுதிசை மின்னோட்டம் வேண்டாம் என்று வலியுறுத்தியவர் கெல்வின். மாறுதிசை மின்னோட்டக் கருவிகளை விற்று வளர்ந்த நிறுவனம் எலிஹூவுடையது. பதக்கக் குழு இதையெல்லாம் கணக்கில் கொள்ளவில்லை போலும்.

தாம்சன் டிவி என்றொரு வணிகப் பெயர் தெரியும் அல்லவா? படக்குழாய்த் தொலைக்காட்சியின் உள்ளே ஓடியது ஜே.ஜே. ஆராய்ந்த கேதோடு கதிர். ஆகவே அவர் நினைவாக வைத்த பெயர் என்று நினைக்கத் தோன்றும். இல்லை. தாம்சன்–ஹூஸ்டனின் பிரெஞ்சுக் கிளை 1893இல் தொடங்கப்பட்டது. பல இணைப்புகள், பிரிப்புகளுக்குப் பிறகு அதன் பாதுகாப்புத் துறைப் பிரிவு இன்று தாலஸ். தொலைக்காட்சிப் பிரிவு பிறகு டெக்னிகலர் ஆனது. பெட்டியின் மேல் மிஞ்சிய பெயர் எலிஹூவுடையது. செய்தி உலகின் தாம்சன் ராய்ட்டர்சோ இதற்கும் தொடர்பில்லாதது. அது கனடாவில் பிறந்து பத்திரிகைச் சாம்ராஜ்யம் கட்டிய ராய் தாம்சனின் வழிவந்தது.

அறிவியலுக்கு வெளியேயும் சற்று வெளியே தள்ளியும் இன்னும் சிலர். ஆப்பிரிக்காவில் தாம்சன் மான் என்ற சிறுமானைப் பார்த்திருப்பீர்கள், அது 1883–84இல் மாசாய் நாட்டின் ஊடாக நடந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜோசப் தாம்சன் பெயரால் வந்தது. ஜே.ஜே.யின் முதல் பெயரும் ஜோசப் என்பதால், இணையத்தில் இருவரின் படங்களும் இடம் மாறிக் கிடந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். காற்றடைத்த டயருக்கு 1845இலேயே காப்புரிமை பெற்றவர் ராபர்ட் வில்லியம் தாம்சன். 1888இல் டன்லப் அதை மறுபடி கண்டுபிடித்தபோது, இந்தப் பழைய ஆவணம் கிளம்பி வந்து டன்லப்பின் காப்புரிமையைச் செல்லாததாக்கியது. ஜேம்ஸ் தாம்சன் என்று தேடினால் பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞர் ஒருவர், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் ஒருவர், 1998இல் மனிதக் கருமூலச் செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக்காட்டிய அமெரிக்க உயிரியலாளர் ஒருவர் என்று வரிசையாக வருவார்கள். இரண்டாவது கவிஞர் புத்திசாலி. பி.வி. என்ற எழுத்துகளைக் கையொப்பமாகச் சேர்த்துக்கொண்டார்.

சார்லஸ் வைவில் தாம்சனுக்கு மட்டும் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். 1872 டிசம்பர் முதல் 1876 மே வரை உலகக் கடல்களைச் சுற்றி ஆழ்கடல் ஆராய்ச்சிக்கே அடித்தளமிட்ட சேலஞ்சர் கப்பலின் அறிவியல் தலைவர் அவர். 1875இல் மரியானா அகழியில் எட்டாயிரம் மீட்டருக்கும் அதிகமான ஆழத்தை அந்தக் கப்பல் அளந்தது. அதற்கு முன் 1860களில் பெல்பாஸ்டில் பேராசிரியராக இருந்தார். ரேடியன் ஜேம்ஸ் அங்கே அவருடைய சக பேராசிரியர். ஆழம் பார்க்க பியானோக் கம்பியைப் பயன்படுத்தும் கருவி ஒன்றை வில்லியம் தாம்சன் அப்போதுதான் செய்திருந்தார். கப்பலில் அதுவும் ஏற்றப்பட்டது. ஆனால் பயணம் முழுக்க ஆழம் பார்த்தது பழைய சணல் கயிறுதான். ஒரு தாம்சனின் கருவியை நம்பாமல் இன்னொரு தாம்சனின் பயணம் முடிந்தது.

எழுத்துக்கூட்டலைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலத்தில் நடுவே ‘ப்’ ஒலி சேர்த்து எழுதும் தாம்ப்சன்களும், டென்மார்க்கின் தோம்சன்களும் தமிழில் எழுதும்போது பெரும்பாலும் தாம்சன் ஆகிவிடுகிறார்கள். ராயல் இன்ஸ்டிடியூஷனை 1799இல் நிறுவியவர்களில் முதன்மையானவரான ரம்ஃபோர்டு பிரபுவின் இயற்பெயர் பெஞ்சமின் தாம்ப்சன். மாசசூசெட்ஸ்காரர். பீரங்கிக் குழாயைக் குடையும்போது எழும் வெப்பத்தைக் கண்டு, வெப்பம் என்பது பொருளன்று, இயக்கம் என்று வாதிட்டவர். கெல்வினின் வாழ்க்கை வரலாற்றை 1910இல் இரண்டு தொகுதிகளாக எழுதியவர் சில்வானஸ் தாம்ப்சன். தமிழில் அட்டையைப் படித்தால் சுயசரிதை என்று தோன்றிவிடும். கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்று தொல்பொருள்களை வகைப்படுத்திய கிறிஸ்டியன் யூர்கென்சன் தோம்சனும், மங்கோலியாவில் கிடைத்த பழந்துருக்கி மொழி ஓர்கோன் கல்வெட்டுகளின் எழுத்தை 1893இல் படித்துக்காட்டிய வில்ஹெல்ம் தோம்சனும் டென்மார்க்கைச் சேர்ந்தவர்கள்.

நடைமுறையில் எப்படிப் பிரித்தறிவது என்றால், எதைப் பற்றிய பேச்சு என்று பாருங்கள். வெப்பம், வெப்பமின்சாரம், தந்தி, கடல் என்றால் வில்லியம். எலக்ட்ரான், வாயுவில் மின்பாய்வு, அயனிகளை அவற்றின் நிறைப்படி பிரிக்கும் பரவளையங்கள் என்றால் ஜே.ஜே. எலக்ட்ரான் அலை என்றால் ஜார்ஜ். பற்றவைப்பும் மின்மானியும் எலிஹூ. 1892க்குப் பிறகு அச்சான கட்டுரையில் வெறுமனே தாம்சன் என்று இருந்தால் அது வில்லியமாக இருப்பது அரிது, அதற்குள் எல்லோரும் அவரைக் கெல்வின் என்றே எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த விதி கைவிடும் இடம் ஒன்று உண்டு. மிகச்சிறிய படிகங்கள் பெரியவற்றைவிடக் குறைந்த வெப்பநிலையிலேயே உருகுவதை விளக்கும் கிப்ஸ்–தாம்சன் விளைவில் வரும் தாம்சன் யார்? அண்ணன் ஜேம்ஸ் 1849இல் அழுத்தத்தையும் உருகுநிலையையும் இணைத்தார். தம்பி வில்லியம் 1871இல் வளைந்த பரப்பின்மேல் ஆவியழுத்தம் மாறுவதை எழுதினார். ஜே.ஜே. 1888இல் வெளியிட்ட நூலில் பரப்பு இழுவிசையின் விளைவுகளைத் தம் வழியில் வருவித்தார். நூலுக்கு நூல் ஆள் மாறுகிறார். தேர்வில் கேட்டால் மூன்று பெயரையும் எழுதிவிடுங்கள், திருத்துபவர் தமக்குப் பிடித்ததற்கு மதிப்பெண் போட்டுக்கொள்ளட்டும்.